ஹாலே நகரத்து மிஷனரிக் குடும்பம்: பொறையார் வீட்டாருக்கு ஒரு விளக்கவுரை

அயல்நாட்டில் ஊழியம் செய்யும் குடும்பத்துக்கு ஊரிலிருந்து வரும் கேள்விகள் மூன்று வகைப்படும். "சோறு கெடைக்குதா?" என்பது முதல் வகை. "ஸ்வெட்டர் போட்டுக்கிறியா?" என்பது இரண்டாம் வகை. "சபைக்கு எத்தனை பேரு வர்றாங்க?" என்பது மூன்றாம் வகை. முதல் இரண்டும் கைப்பேசியிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் ஜெர்மனியில் ஹாலே பக்கம் சிக்னல் போய்விடுவதால், பொறையாரிலிருந்து இம்முறை கேள்வி எழுத்திலேயே வந்துவிட்டது: "ஐக்கிய சங்கத்துல வாசிக்கணும். விவரமா எழுது."

சபையின் ஐக்கிய சங்கத்தில் வாசிக்கப்படும் கடிதத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் 'நான்' வரக் கூடாது. வந்தால் பெருமை என்பார்கள். வருத்தம் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்று சாயங்காலமே திருச்சியில் உள்ள திருச்சபைத் தலைமையகத்துக்கு போன் போகும். எந்த நிகழ்ச்சியானாலும் கடைசியில் ஒரு பாடம் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெரியம்மா, "அப்புறம்?" என்பார். இம்மூன்று விதிகளையும் ஒருசேரக் காப்பாற்றப் பாடநூல் நடையே பாதுகாப்பானது. ஆகவே இதில் குடும்பத்தார் அனைவரும் படர்க்கையில் குறிக்கப்படுகின்றனர்.

1. குடும்ப அமைப்பு

இக்குடும்பத்தில் ஆயர், ஆயரம்மா, மகள், மகன் ஆகிய நால்வர் உள்ளனர். ஜெர்மன் மொழியறிவைக் கொண்டு வரிசைப்படுத்தினால் மகன் முதலிலும் ஆயர் கடைசியிலும் வருவர். மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய மகன் இப்போது தூக்கத்தில் ஜெர்மன் பேசுகிறான். மகள் சனிக்கிழமை இரவுகளில் ஆயரின் பிரசங்கத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்துகிறாள். ஆயரம்மா காய்கறிச் சந்தையில் வேண்டியதை வேண்டிய விலைக்கு வாங்கிவிடுகிறார். அங்கே அவர் பேசுவது எந்த மொழி என்று ஆயருக்கும் விளங்கவில்லை, சந்தைக்காரருக்கும் விளங்கவில்லை, ஆனால் வியாபாரம் நடக்கிறது. ஆயர் மொழி வகுப்பில், சிரியாவிலிருந்து வந்த பல் மருத்துவருக்கும் உக்ரைனிலிருந்து வந்த பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து வேற்றுமை உருபு படிக்கிறார். பாட்டியின் மதிப்பெண் எப்போதும் கூடுதல்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்குத் திடப்படுத்தல் வகுப்பிலேயே எல்லாரும் படித்த சான்று உண்டு. ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் ப்ளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பெரிய மனிதன் பிள்ளைகளிடம் பாடம் கேட்பது மிஷன் வரலாற்றில் முதல் அத்தியாயம். ஒரே வேறுபாடு, சீகன்பால்குக்கு மணலைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதும் வசதி இருந்தது. ஆயரின் பிழைகள் சபை அறிவிப்புத் தாளில் அச்சாகி வெளிவருகின்றன.

2. ஊரின் முன்வரலாறு

ஹாலே, சாலே ஆற்றங்கரையில் உள்ள உப்பு நகரம். இசைமேதை ஹேண்டல் 1685இல் பிறந்த ஊர். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698இல் இங்கே அநாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டத் தொடங்கிய பெருங்கட்டடமும் அதைச் சுற்றி வளர்ந்த பள்ளிகளும் இன்றும் நிற்கின்றன. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும் இருக்கின்றன. பொறையாரில் மழையில் போன சபைப் பதிவேடுகளைப் பற்றி இந்த இடத்தில் எதுவும் சொல்வதற்கில்லை.

இந்த ஊரில் கால் வைத்த முதல் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர்கள் இக்குடும்பத்தார் என்று சங்கத்தில் யாரும் சொல்லிவிட வேண்டாம். சீகன்பால்கு 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழர் அவருடன் சென்றார். இலத்தீனில் எழுதப்பட்ட சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. அதாவது, இக்குடும்பத்துக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே ஒரு தமிழர் இந்தக் குளிரைப் பார்த்துவிட்டார். அவருக்கு ரேடியேட்டரும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. இதை ஆயரம்மா ஒவ்வொரு ஜனவரியிலும் ஆயருக்கு நினைவூட்டுகிறார்.

மிஷனரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1710 முதல் ஹாலேயில் தொடர்ச்சியாக அச்சிட்டு வெளியிடப்பட்டன. காணிக்கை கொடுத்தவர்கள் அவற்றை ஆவலோடு வாசித்தார்கள். அச்சுக்குப் போகுமுன் கடிதங்கள் வெட்டித் திருத்தப்பட்டன. மிஷனரிகளுக்குள் நடந்த சண்டை, மனக்கசப்பு போன்றவை பெரும்பாலும் வெளியே வரவில்லை. இவ்விளக்கவுரையும் ஆயரம்மாவின் மேசையைத் தாண்டித்தான் தபாலுக்குப் போகிறது. இதில் ஏதேனும் ஒரு பத்தி திடீரென்று முடிந்துவிட்டால் காரணம் அதுவே.

3. பாட்டில் இயந்திரமும் அதன் போதனைகளும்

ஜெர்மனியில் தண்ணீர் பாட்டில் வாங்குபவர் தண்ணீருக்கு விலையும் பாட்டிலுக்கு முன்பணமும் கொடுக்கிறார். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட். ரூபாயில் இருபதுக்கு மேல். கழுவி மறுபடி நிரப்பும் பீர் பாட்டிலுக்கு வழக்கமாக 8 சென்ட். ஒருமுறைப் பாட்டில்களுக்கு இந்த ஏற்பாடு 2003 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பெட்டிக்கடையில் கோலி சோடாவைக் குடித்துவிட்டுப் பாட்டிலைப் பலகைமேல் வைத்துவிட்டு வருவது போன்றதுதான். இங்கே கடைக்காரர் இருக்கும் இடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது.

இயந்திரத்தின் முகத்தில் ஒரு வட்டத் துளை உண்டு. காலிப் பாட்டிலை அடிப்பக்கம் உள்ளே போகும்படி படுக்கவைத்துத் தள்ள வேண்டும். உள்ளே உருளைகள் அதைச் சுழற்றும். ஒளிக்கதிர் லேபிளில் உள்ள கோடுகளையும் முன்பண முத்திரையையும் தேடிப் படிக்கும். திருப்தியானால் பாட்டில் உள்ளே போகும், திரையில் கணக்கு ஏறும், பின்னால் நெரிபடும் சத்தம் கேட்கும். திருப்தியில்லாவிட்டால் பாட்டில் போன வழியே திரும்பி வந்து வாசலில் நிற்கும். எல்லாம் முடிந்தபின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சீட்டைப் பணம் செலுத்தும் இடத்தில் கொடுத்தால் காசு.

நம் நாட்டுத் தண்ணீர் பாட்டில்களில் குடித்தபின் நசுக்கிப் போடும்படி அச்சிட்டிருக்கும். யாரோ பொறுக்கியெடுத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பி மறுபடி விற்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆயர் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்தவர். வந்த புதிதில் ஒரு பெரிய பையில் அத்தனை பாட்டிலையும் ஒன்றுவிடாமல் முறுக்கி நசுக்கி எடுத்துப்போனார். இயந்திரம் ஒவ்வொன்றையும் சுழற்றிப் பார்த்தது. ஒவ்வொன்றையும் திருப்பித் தந்தது. பின்னால் வரிசை நீண்டது. ஜெர்மன்காரர்கள் வரிசையில் சத்தம் போடுவதில்லை. மூச்சு விடுவார்கள், அது பிடரியில் படும். அப்போது வரிசையில் இருந்த கீழ்வீட்டுக்காரர் முன்னால் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பாட்டிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். பாட்டில் 'டப்' என்று நிமிர்ந்தது. அடுத்ததை ஆயரிடம் நீட்டி, "நீங்கள்" என்றார். அங்கி அணிந்து ஆசீர்வாதம் கூறும் ஆயர் பேரங்காடி வாசலில் நின்று பாட்டில்களை ஊதி நிமிர்த்திய வரலாறு இவ்வாறு நிகழ்ந்தது.

இதிலிருந்து ஆயர் பெற்ற பாடங்கள் பல. அவற்றை அவர் தொடர்ந்து பல ஞாயிறுகளில் சபைக்கு வழங்கினார். அவை வருமாறு:

முதலாவது, முத்திரையைப் பற்றியது. இயந்திரம் பாட்டிலின் அழகைப் பார்ப்பதில்லை, அதன் மேல் உள்ள அடையாளத்தையே பார்க்கிறது. விலையுயர்ந்த திராட்சரச பாட்டில் உள்ளே போகாது. அதற்கு முன்பணம் கிடையாது. மலிவான தண்ணீர் பாட்டில் போகும்.

இரண்டாவது, நொறுங்குதலைப் பற்றியது. நொறுங்கிய பாட்டிலை இயந்திரம் தள்ளிவிடும். நொறுங்கிய நெஞ்சை ஆண்டவர் தள்ளமாட்டார். இந்தப் பிரசங்கத்தில் ஆயர் பீடத்தில் நின்று ஒரு பாட்டிலை நசுக்கிக் காட்டினார். முன்வரிசை மூதாட்டி ஒருவர் 25 சென்ட் வீணாவதைக் கண்டு "ஐயோ" என்றது பின்வரிசைவரை கேட்டது.

மூன்றாவது, சீட்டைப் பற்றியது. சீட்டு கையில் இருந்தால் போதாது. கொண்டுபோய்க் கொடுத்தால்தான் காசு. விசுவாசத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்போர் கவனிக்க. இந்தப் பிரசங்கம் தயாரான நாளில் ஆயரின் சட்டைப்பையில் இருந்த சீட்டு ஒன்று சலவை இயந்திரத்தில் வெள்ளை உருண்டையாக வெளிவந்தது. ஆயரம்மா அதைப் பிரசங்கத் தாளின்மேல் வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது, மூடியைப் பற்றியது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி, திறந்தபின்னும் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. குடிக்கும்போது மூக்கில் இடிக்கும். இதிலிருந்து ஆயர் திருமண உடன்படிக்கையைப் பற்றிய பாடம் ஒன்றை எடுத்தார். அது பிரசங்கிக்கப்படவில்லை. மேலே சொன்ன மேசையில் அது நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மகள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்பா, பைபிள்ல வேற சாமானே இல்லையா?" என்று கேட்டாள். பாட்டில் தொடர் அத்துடன் முடிவுற்றது.

தொடர் முடிந்த பிறகுதான் உண்மையான பாடம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் கோயில் வாசலை மிதிக்காதவர். ஒருநாள் ஆயர் நடைப்பயிற்சியில் குடித்து முடித்த பாட்டிலைப் பூங்காக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். பின்னால் வந்த கீழ்வீட்டுக்காரர் கையை விட்டு அதை வெளியே எடுத்து, தொட்டியின் காலடியில், தரையில் நிறுத்தி வைத்தார். ஓய்வூதியம் போதாத முதியவர்களும் வேலையற்றவர்களும் பாட்டில் பொறுக்கி முன்பணம் வாங்கி மாதத்தை ஓட்டுகிறார்கள். அவர்கள் குப்பைக்குள் கைவிடும்படி வைக்கக் கூடாது, வெளியே வைக்க வேண்டும், இது தெரியாதா என்று கேட்டார். வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்திய கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்வதை ஆயர் எத்தனையோ அறுப்பின் பண்டிகைகளில் பிரசங்கித்திருக்கிறார். போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கிய கதையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தக் கட்டளையைத் தெருவில் செய்து காட்டியவர் அதை வாசித்தவர் அல்லர்.

4. ஓய்வுநாள்

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாளாகக் காக்கப்படும் என்று 1919ஆம் ஆண்டு வைமர் அரசியல் சட்டம் கூறியது. அந்த விதி 1949இன் அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்க்கப்பட்டது. அன்று சுவரில் துளை போடக் கூடாது, புல் வெட்டக் கூடாது, தெருமுனைத் தொட்டியில் கண்ணாடிப் பாட்டில் எறியக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை எல்லா நாளும் அமைதி. மோசேயின் நாலாம் கட்டளைக்குக் கீழ்ப்படிய ஆளில்லாத ஊரில் அதைக் காவல்துறை பார்த்துக்கொள்கிறது. (கற்பலகையில் அது நான்காவதா மூன்றாவதா என்று சங்கத்தில் வாதம் எழலாம். நம் ஞானோபதேசப்படி மூன்றாவது. பெரியம்மா திருத்துமுன் இங்கேயே திருத்தப்படுகிறது.)

இவ்வளவு அமைதியில் ஓய்வின்றி உழைக்கும் ஒரே ஆள் ஆயர். ஒரே ஞாயிற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் ஆராதனை நடத்த வேண்டும். ஆட்குறைவால் ஒரு போதகர் பல கோயில்களைப் பார்த்துக்கொள்வது இப்பகுதியில் வழக்கம். ஆகவே குடும்ப ஜெபம் விடியலிலேயே தொடங்கும். ஊரில் விடியற்காலைக் கீர்த்தனை என்பது தெரு முழுவதற்கும் பொதுச்சொத்து. இங்கே அது மாடிப்படியில் ஒட்டப்பட்ட ஒரு சீட்டாக உருவெடுத்தது. கட்டம் போட்ட தாளில் நேர்கோடாக எழுதியிருந்தார் கீழ்வீட்டுக்காரர்: பாட்டைப் பற்றித் தமக்குக் குறையில்லை, நேரத்தைப் பற்றி உண்டு.

குடும்பம் பாட்டை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டது. சில வாரம் கழித்து இரண்டாம் சீட்டு வந்தது. ஞாயிறு காலை 10 மணிக்குமேல் பாடுவதற்குத் தடையேதும் இல்லை என்றும், பாடாமல் இருப்பதை யாரும் கோரவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. ஞாயிறு 10 மணிக்கு இக்குடும்பம் கோயிலில் இருக்கும் என்பதை எப்படி விளக்குவது என்று நால்வரும் யோசித்தனர். இப்போது ஆராதனை முடிந்து வந்தபின் பிற்பகலில் பாடப்படுகிறது. பொறையாரிலும் மைக் செட்டை இந்த முறையில் ஒழுங்குபடுத்தலாம் என்ற யோசனை ஆயருக்கு உண்டு. சங்கத்தில் இந்த வரியை வாசிக்க வேண்டாம்.

5. நெய், கருவாடு, சன்னல்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருவோர் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. மீனும் மீன் பொருட்களும் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். தேங்காய், வாழைப்பழம் ஆகியவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை, கறிவேப்பிலைக்குத் தேவை. இதன் விளைவு என்னவென்றால், அத்தை பார்த்துப் பார்த்து உருக்கிக் கொடுத்த நெய் விமான நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குப் போனது. அதே பெட்டியில் இருந்த நெத்திலிக் கருவாட்டை அதிகாரி முகர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பி, அனுமதித்தார். நெய்க்கு இல்லாத இரக்கம் கருவாட்டுக்குக் கிடைத்ததில் அத்தை வருந்த வேண்டாம், அது சட்டம்.

அடுத்த சிக்கல் சன்னல். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டியே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதனால் தினமும் பல தடவை எல்லாச் சன்னல்களையும் அகலத் திறந்து சில நிமிடம் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். இது வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்படுவதுண்டு. வெளியே பனி பெய்ய, உள்ளே காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றைக் கையாலேயே வெளியே அனுப்புவதை ஆயரம்மா இன்றுவரை மனதார ஏற்கவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் அவரே ஓடி ஓடித் திறந்தார். அது கருவாடு வறுத்த நாள்.

காற்று கீழ்நோக்கிப் போனது. கீழ்வீட்டுக்காரர் சாக்கடைக் குழாய் உடைந்துவிட்டது என்று கருதி டார்ச்சுடன் நிலவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே எல்லாம் சரியாக இருப்பதால் மேலே வந்து கதவைத் தட்டினார். ஆயர் வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில் மனதுக்குள் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் ஓடியது: ஒரே வாசனை ஒருசாரார்க்கு ஜீவனாகவும் மறுசாரார்க்கு மரணமாகவும் இருக்கும் என்று பவுல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான விரிவுரை எந்த நூலிலும் இல்லை. பாட்டில் தொடருக்குப் பிறகு மகள் விதித்த தடையால் இது பிரசங்கமாகவில்லை.

அந்த விரிவுரையில் ஒரு பகுதி ஆயருக்குப் பிடிக்கவில்லை. மகனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரர் பக்கம் போய் நின்றான்.

6. சபையும் எண்ணிக்கையும்

மூன்றாம் வகைக் கேள்விக்கான பதில் இப்பகுதியில் அடங்கும்.

லூத்தர் 1483இல் பிறந்ததும் 1546இல் இறந்ததும் ஐஸ்லேபன் ஊரில். அவர் 1517இல் 95 வாதங்களை வெளியிட்டது விட்டன்பர்க்கில். இரண்டும் ஹாலே இருக்கும் சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்திலேயே உள்ளன. ஹாலேயின் சந்தைக் கோயிலில் லூத்தரின் மரண முகமூடி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மாநிலத்தில்தான் இன்று பெரும்பாலோர் எந்தச் சபையையும் சேராதவர். 1949 முதல் 1990 வரை இது கிழக்கு ஜெர்மனி. அரசு பெரும்பாலான கோயில்களை இடிக்காமல் விட்டுவைத்தது; கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு மேல்படிப்பும் வேலையும் கிடைப்பதைக் கடினமாக்கியது, திடப்படுத்தலுக்குப் பதிலாக 14 வயதில் ஓர் அரசுச் சடங்கைக் கொண்டுவந்தது. இரண்டு தலைமுறையில் காரியம் முடிந்தது. இங்குள்ளவர்கள் கடவுளை மறுப்பதில்லை. அந்தப் பேச்சே அவர்கள் வீட்டில் எழுந்ததில்லை. கிறிஸ்தவரா, நாத்திகரா என்று கேட்டால், "இரண்டும் இல்லை, சாதாரண ஆள்" என்று பதில் வரும் என இந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. கீழ்வீட்டுக்காரர் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

உறுப்பினராக இருப்பவர்களுக்குச் சபை வரி உண்டு. வருமான வரியில் பெரும்பாலான மாநிலங்களில் 9 சதவீதம், அரசே பிடித்துச் சபைக்குக் கொடுக்கிறது. சந்தா கேட்டு வீடு வீடாகப் போகும் சபை ஊழியர் இங்கே இல்லை. வரி வேண்டாமென்று உறுப்பினர் பதவியை விட்டு விலகுவோர் உண்டு. அறுப்பின் பண்டிகையும் உண்டு. பூசணியும் ஆப்பிளும் கோதுமைக் கதிரும் பீடத்தை நிறைக்கும். ஆனால் ஏலம் கிடையாது. எல்லாவற்றையும் அமைதியாக ஏழைகளுக்கான உணவு மையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு ஏற்றிவிட்டுச் சித்தப்பா பின்வாங்கும் அந்த நேரத்து ஆரவாரம் இல்லாமல் பண்டிகை முடிந்துவிடுவது, இக்குடும்பத்துக்கு ஆண்டுதோறும் ஆறாத குறை.

குளிர்காலத்தில் கோயிலைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆராதனை சபை மன்றத்தின் சிறிய அறைக்கு மாறும். அப்போது வருவோர் அனைவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரலாம். யாருக்காவது பேரப்பிள்ளை வந்தால் நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். எண்ணிக்கை அதுதான். இதைச் சங்கத்தில் வாசிக்கும்போது குரல் தாழ வேண்டியதில்லை. 1706இல் வந்த சீகன்பால்கு மறு ஆண்டு ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐவரும் அன்று தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். அந்த ஆண்டு அறிக்கையை வைத்து அவரைத் திருப்பி அழைத்திருந்தால் பொறையாரில் ஐக்கிய சங்கமே இருந்திருக்காது.

வருத்தம் தெரியக் கூடாது என்ற விதிக்கு இங்கே ஒரு விலக்கு வேண்டப்படுகிறது. ஆயர் இங்கே அனுப்பப்பட்டது போதிக்க. ஊர் ஊராக அழைக்கப்படுவது இந்தியாவைப் பற்றிப் படம் காட்ட. ஆயரம்மா வேதபாட வகுப்பு நடத்தப் பயிற்சி பெற்றவர். எந்த மிஷன் ஞாயிறானாலும் அவரிடம் கேட்கப்படுவது சாம்பார். ஆண்டு முழுவதும் அவர் கிளறிய பருப்பைக் கணக்கிட்டால் ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம். சாம்பாரை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் ஏன் கிறிஸ்தவர்கள், இந்தியாவில் எல்லாரும் இந்துக்கள் அல்லவா என்று கேட்பார்கள். உங்கள் ஊர்க்காரர் வந்து சொன்னார் என்பதே பதில். அதைக் கேட்டதும் மேசையைச் சுற்றிலும் பேச்சு ஓய்ந்துவிடும். தாங்கள் மறந்துவிட்ட ஒன்றைக் கடல் கடந்து யாரோ ஞாபகம் வைத்திருப்பது அவர்களுக்குச் சங்கடமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. அதன் பிறகு ஒருவராவது ஆயரை ஓரமாக அழைத்துத் தம் பாட்டி சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தைப் பற்றிச் சொல்வார். இக்குடும்பத்தின் ஊழியம் பெரும்பாலும் அந்த ஓரத்தில் நடக்கிறது. அதைப் பட்டியலில் ஏற்ற முடியாது.

7. ஜெபக் குறிப்புகள்

அ. ஆயரின் மொழித் தேர்வு. வாய்மொழித் தேர்வில் பாட்டிலைப் பற்றிப் பேசாதிருக்கும்படி.

ஆ. தங்கும் அனுமதி புதுப்பிப்பு. கேட்ட தாள்கள் எல்லாம் கொடுத்தாயிற்று; கொடுத்த தாள்களைக் கொடுத்ததற்கான தாள் கேட்கிறார்கள்.

இ. மகனின் தமிழ். இரவு ஜெபத்தை அவன் இப்போது ஜெர்மனில் சொல்கிறான். ஆண்டவருக்குப் புரியும், அப்பாயிக்குப் புரியாது. வீடியோ அழைப்பில் அவன் ஜெர்மனில் பேசினால் அப்பாயி சிரித்து ரசிப்பதை நிறுத்திவிட்டு, "என்னடா சொல்ற? தமிழ்ல சொல்லு" என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். இது ஜெபக் குறிப்பு மட்டும் அல்ல, வேண்டுகோள்.

ஈ. கீழ்வீட்டுக்காரருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அவர் ஜெபிக்கச் சொல்லவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். ஆகவே சங்கத்தில் "ஒரு முழங்காலுக்காக" என்று மட்டும் சொல்லி ஜெபித்தால் போதும்.

உ. ஆயரம்மாவின் இடுப்பு வலி, மேற்படி சாம்பாரின் பொருட்டு.

ஊ. கிறிஸ்துமஸுக்கு வரும் உறவினர் கொண்டுவர வேண்டியவை: மகளுக்குப் பாவாடை தாவணி (அளவு ஆயரம்மா தனியே அனுப்புவார்), புதிய கீர்த்தனைப் புத்தகம் இரண்டு, உடைத்த உளுந்து, நெத்திலி. நெய் வேண்டாம்.